தோட்டத்துக் கலைகளும் தமிழாசிரியர் கடனும்

ஓர் இனத்தின் கலை, அதன் பெருமையை மேடையில் முழங்குவதால் வாழ்வதில்லை. இளையோர்க்கு முறையாகக் கற்பிக்கப்படுவதால் வாழ்கிறது. இவ்வுண்மையைப் பேச்சளவில் மறுப்பார் எவருமிலர். ஆயினும், மலாக்கா மாநிலத் தமிழர் தம் தோட்டப்புறக் கலைகளைப் பேணும் முறையைக் காண்போர், செயலளவில் அவர்கள் இவ்வுண்மையை நாள்தோறும் மறுத்து வருகின்றனர் என்றே முடிவு செய்வர்.

பள்ளிகளின் ஆண்டு நிறைவு விழாக்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாடகைக்கு எடுத்த பளபளப்பான உடையும் தலையில் ஒட்டவைத்த நெகிழிக் கரகமும் தாங்கிச் சிறுமியர் மேடையேறுவர். ஒலிபெருக்கியில் திரைப்படப் பாட்டொன்று முழங்கும். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அறிவிப்பாளர் அதற்குத் 'தமிழர் பாரம்பரியக் கலை' என்று பெயர் சூட்டுவார். சிறப்பு விருந்தினர் கைதட்டுவார். அச்சிறுமியருள் ஒருத்தியின் பாட்டி அதே மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். கும்மியும் தாலாட்டும் நலங்குப் பாட்டும் அவர் நெஞ்சில் நிறைந்திருக்கும். அவரை அழைத்து, 'அம்மா, ஒரு பாட்டுச் சொல்லுங்கள்' என்று கேட்டார் ஒருவருமிலர். உண்மையான கருவூலம் பின்வரிசையில் உறங்க, அதன் போலி மேடையில் ஆடுகிறது. இதனைக் கேளிக்கை எனலாம். கலை வளர்ச்சி என்று கூறுதல் தகாது.

தோட்டம் வளர்த்த கலைகள்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றிற்று. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் பால்மரக் காடுகள் பரந்தன. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய தமிழர் அக்காடுகளில் குடியேறினர். ஏடும் எழுத்தும் அறியாதோர் அவருள் பலர். ஆயின் கலையறியாதோர் என்று அவர்களை எவரும் கூறுதற்கில்லை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா அவர்தம் கலைக்கூடமாக விளங்கிற்று. வளைந்த குச்சியால் உராயப்பட்டு உறுமி உறுமும். தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய தப்பு அதனோடு சேர்ந்து அதிரும். கரகமும் காவடியும் அவ்வொலிக்கு அசையும். லயத்து முற்றத்தில் பெண்டிர் வட்டமிட்டுக் கும்மியடிப்பர். திடலில் விடிய விடியத் தெருக்கூத்து நிகழும்; பகலெல்லாம் பால் வெட்டியவனே இரவில் அரிச்சந்திரனாகவும் மதுரை வீரனாகவும் நிற்பான். கட்டியக்காரன் கதைக்கிடையே கங்காணியையும் கிராணியையும் நகையாடுவான். பகலில் வாய் திறக்கவியலாத தொழிலாளி, இரவில் அந்நகைப்பின் வழியே தன் மனக்குறையை வெளியிட்டான்.

இப்பாட்டுகள் தாயகத்திலிருந்து வந்தவாறே நின்றுவிடவில்லை. பெரட்டுக் களமும், தண்டலும், பால்வாளியும், கித்தாக் காடும் அவற்றுள் புகுந்தன. தாயகத்துப் பாட்டு இந்நாட்டுப் பாட்டாயிற்று. சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். அவருக்குக் கல்லறையில்லை, பெயர் பொறித்த தூணில்லை. அவர்தம் மனைவியர்க்கும் அன்னையர்க்கும் எஞ்சியது ஒப்பாரி ஒன்றே. ஒப்பாரியை இழவு வீட்டு ஓசையென இகழ்வோர், எழுதப்படாத ஒரு வரலாற்றின் ஏட்டையே கிழித்தெறிகின்றனர். இம்மண்ணில் உழைத்தார் இம்மண்ணின் வாழ்வைப் பாடிய இக்கலைகள் இம்மண்ணுக்கு உரியனவல்ல என்று கூறத் துணிவார் யார்?

1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. பின்னர், பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. லயம் நின்ற இடத்தில் வீடமைப்புத் தாமான் எழுந்தது. மக்கள் பல திசைகளிற் பிரிந்தனர். வீடு மாறியபோது பாத்திரமும் பாயும் வண்டியேறின. திடலும் கூத்தும் ஏறவில்லை. தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பாடி ஆடி வளர்ந்த தலைமுறையினர் இன்று முதுமையடைந்துவிட்டனர். அவருள் ஒருவர் மறையும்போதெல்லாம் ஒரு தொகுதிப் பாட்டு அவரோடு புதைக்கப்படுகிறது.

மலாக்கா தரும் பாடம்

மலாக்கா நகரம் 2008ஆம் ஆண்டில், பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துகீசிய வழியினர் ஆகிய நான்கு சமூகத்தாரும் மலாக்காவில் பாடிவரும் டொன்டாங் சாயாங் 2018ஆம் ஆண்டில் அதன் அருவ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மலாக்காச் சீனர் போற்றும் வங்காங் கப்பல் சடங்கு, சீன நாட்டுடன் இணைந்த முயற்சியால் 2020ஆம் ஆண்டில் அதே சிறப்பைப் பெற்றது. 2024ஆம் ஆண்டில் மலேசியரின் காலையுணவுப் பண்பாடும் அப்பட்டியலில் ஏறிற்று. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உலகப் புகழ் எய்தின. அவை அப்புகழுக்கு உரியனவே. ஆயின், ரொட்டிக்குக் கிடைத்த இடம் உறுமிக்குக் கிடைக்கவில்லை. அதனை யாரேனும் பறித்துக்கொண்டனரா? இல்லை. உறுமிக்காக வாதாட ஒருவரும் முன்வரவில்லை என்பதே உண்மை.

மலாக்காச் செட்டிகளின் வரலாறு இங்குச் சிந்திக்கத்தக்கது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் நாடி வந்து, இந்நாட்டுப் பெண்டிரை மணந்து நிலைபெற்ற தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்று அவர்தம் வீட்டுமொழி மலாய். ஆயினும் காஜா பெராங்கில் தம் கோயில்களைக் கட்டிக் காத்து வருகின்றனர். அச்சமூகத்தார் 1781இல் நிறுவிய பொய்யாத விநாயகர் கோயில் நாட்டின் மிகப் பழமையான கோயில்களுள் ஒன்று. பொங்கலை ஒட்டி முன்னோர்க்குப் படையலிடும் பார்ச்சு வழிபாட்டை அவர்கள் கைவிடவில்லை. தம் வரலாறு கூறும் அருங்காட்சியகமும் அவர்களுக்கு உண்டு. அயலாரோடு அமர்ந்து டொன்டாங் சாயாங் பாடியதால் அவர்தம் வழிபாடு அழிந்துவிடவுமில்லை. பகிர்ந்தால் பறிபோகும் என அஞ்சுவோர்க்கு இது தக்க விடையாகும்.

தமிழ்மொழியை இழந்த சிறு சமூகம் மரபைக் காத்து நிற்கிறது. 21 தமிழ்ப்பள்ளிகளைக் கொண்டு மொழியைக் காத்து நிற்கும் பெருஞ் சமூகமோ தன் கலைகளைக் கைநழுவ விடுகிறது. இம்முரண்பாடு தமிழாசிரியர் ஒவ்வொருவரையும் நாணச் செய்ய வேண்டும். மொழியை இலக்கணத்தில் மட்டும் காத்தல், உயிர் பிரிந்த உடலுக்கு ஒப்பனை செய்வது போன்றது. பாட்டும் கூத்தும் பழமொழியும் விடுகதையும் அன்றோ மொழிக்கு உயிர்?

மறுப்புரைகளும் மறுமொழியும்

'நாட்டின் பண்பாட்டுக் கொள்கை இடந்தரவில்லை' என்பது முதல் மறுப்பு. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாட்டின் வழியாக உருவான கொள்கை, இவ்வட்டார மக்களின் பண்பாட்டை அடிப்படையாகவும், பிற பண்பாடுகளின் ஏற்புடைய கூறுகளைச் சேர்க்கத்தக்கனவாகவும் வகுத்தது. அது குறித்துத் தமிழர் கொண்ட மனக்குறை நியாயமானதே. எனினும், தமிழ்ப்பள்ளித் திடலில் கும்மியடிக்கக் கூடாதென்று எச்சட்டமும் தடுக்கவில்லை. அரசைக் குறைகூறுவதற்குக் கிடைக்கும் நேரம், ஒரு மூதாட்டியின் பாட்டைக் கேட்டெழுதக் கிடைப்பதில்லை என்றால், பழி அரசை மட்டும் சேருமோ?

'இவை தாழ்ந்த கலைகள்; பரதமும் கருநாடக இசையும் போதும்' என்பது இரண்டாம் மறுப்பு. இதனைத் தமிழ் கற்றோர் கூறுவதுதான் வியப்பு. இளங்கோவடிகள் தம் காப்பியத்துள் கானல்வரிக்கும், வேட்டுவவரிக்கும், ஆய்ச்சியர் குரவைக்கும், குன்றக் குரவைக்கும் தனித்தனிப் பகுதிகளையே வகுத்தார். நெய்தல் மக்களும் எயினரும் ஆயரும் குறவரும் ஆடிப் பாடியவை ஒரு சேர இளவலுக்கு இழிவாகத் தோன்றவில்லை. இன்றைய பட்டதாரிக்குத் தோன்றுகின்றன! பரதத்தின் வரலாற்றையேனும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. சதிர் என்னும் பெயரில் மேன்மக்களால் இகழப்பட்ட அக்கலைக்காக இ. கிருஷ்ண ஐயர் போன்றோர் போராடினர்; ருக்மிணி தேவி 1935இல் அரங்கேறினார்; 1936இல் கலாட்சேத்திரம் தோன்றியது. தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த இசைவேளாளப் பெண்டிரோ பெரும்பாலும் மறக்கப்பட்டனர். நேற்று இகழப்பட்டது இன்று போற்றப்படுகிறதெனில், இழிவு கலையினிடத்தில் இருந்ததா, பார்த்தார் கண்ணில் இருந்ததா?

'பறையும் தப்பும் சாதியின் அடையாளம்' என்பது மூன்றாம் மறுப்பு. இது நேர்மையுடன் எதிர்கொள்ளத்தக்கது. ஒரு சாராரை இழவு வீட்டில் கட்டாயமாகப் பறையடிக்கச் செய்து, அதனையே காரணங்காட்டி அவர்களை இழிவுபடுத்திய கொடுமை மறைக்கத்தக்கதன்று. ஆயின் குற்றம் அடிமைப்படுத்தியவனுடையது, கருவியினுடையதன்று. தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தெண்ணினார். தமிழ்நாட்டில் மதுரையைச் சார்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. கருவியைப் புதைப்பதால் சாதி புதையாது. எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து அதனைக் கையிலேந்தினால் சாதியின் பிடி தளரும். அப்பணிக்குப் பள்ளியினும் தக்க இடம் வேறில்லை.

'உறுமி இளைஞரைக் கெடுக்கிறது. தைப்பூசத்தில் கூச்சலும் கூத்தடிப்பும் பெருகிவிட்டன' என்பது நான்காம் மறுப்பு. ஊர்வலங்களில் ஒழுங்கின்மை உண்டு. அதனை மூடி மறைத்தல் வேண்டா. ஆயின் அவ்விளைஞர்க்கு ஆசானாக அமைந்தவர் யார்? பள்ளி கதவடைத்த கலை தெருவிற் சென்று தனக்குத் தெரிந்தவாறு வளர்ந்தது. செங் வட்டாரத்துச் சன்னாசிமலையில் மாசி மகத்தன்று காவடி முன் முழங்கும் அதே உறுமியைப் பக்தியோடும் பயிற்சியோடும் முழக்கக் கற்பித்திருந்தால் இப்பழி நேர்ந்திராது. ஆசிரியன் கைவிட்ட மாணவனை ஆசிரியனே பழிப்பது அறமன்று.

'தேர்வு இருக்கிறது, நேரமில்லை' என்பது இறுதி மறுப்பு. நெடுங்காலம் இதுவே அசைக்கவியலாத அரணாக நின்றது. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது அவ்வரண் இடிந்தது. தேர்வு போன பின்னரும் கலைக்கு நேரம் பிறக்கவில்லையென்றால், குறைபாடு நேரத்தில் இருந்ததில்லை. மனத்தில் இருந்தது என்பது தெளிவு.

பிறர் செய்து காட்டிய வழி

அண்டை நாடாகிய பிலிப்பீன்சு இத்துறையில் கற்கத்தக்கவற்றைச் செய்துள்ளது. அங்கு வடபுல மலைகளில் வாழும் இபுகாவ் மக்கள் 'ஹூட்ஹூட்' என்னும் நெடும்பாட்டைப் பாடுவர். விதைப்பிலும் அறுவடையிலும் இழவு வீட்டிலும் அது பாடப்படும். முன்னின்று பாடுவோர் பெரும்பாலும் முதிய பெண்டிர். மலாக்காத் தோட்டத்து ஒப்பாரிக்கும் நடவுப் பாட்டுக்கும் அஃது உறவுடையதாகத் தோன்றுகிறதன்றோ? 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தது. ஆயின் அந்நாட்டார் அவ்வறிவிப்போடு நின்றாரல்லர். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரபுக் கலைவல்லோர் நாட்டின் வாழும் செல்வங்களாக மதிக்கப்பட்டனர். தாம் கற்றதை இளையோர்க்குக் கற்பித்தல் அவர்தம் கடமையாக்கப்பட்டது. 1995 முதல் 'வாழும் மரபுப் பள்ளிகள்' தொடங்கப்பெற்றன. ஊர் மூத்தோரே அங்கு ஆசிரியர். ஊர்ச் சிறுவரே மாணவர். பட்டமும் சான்றிதழும் இல்லாத கிழவியை ஆசிரியராக ஏற்கும் பணிவு அக்கல்வியின் அடித்தளம். 2021ஆம் ஆண்டில் இம்முயற்சியைச் சிறந்த மரபுப் பாதுகாப்பு முறையென யுனெஸ்கோ ஏற்றுப் பதிந்தது.

தமிழருள்ளும் வழிகாட்டிகள் உளர். இலங்கையில் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை ஊரிலிருந்து பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தார். ஊர் அண்ணாவியாரை மாணவர்க்கு ஆசானாக அமர்த்தினார். 'இராவணேசன்' போன்ற கூத்துகளில் ஆடிய மாணவர் பின்னாளில் தாமே அக்கலையின் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர். தமிழ்நாட்டில் ஆசிரியத் தொழிலிலிருந்து வந்த நா. வானமாமலை, நண்பர் துணையுடன் சிற்றூர்ப் பாட்டுகளைத் திரட்டி நூலாக்கினார். இந்நாட்டிலேயே, பள்ளியாசிரியராகப் பணிபுரிந்த முரசு நெடுமாறன், நூறாண்டுத் தமிழ்க் கவிதைகளை ஒரே களஞ்சியமாக 1997இல் தொகுத்தளித்தார். இவர்களுக்கு ஆசிரியப் பணி தடையாகவில்லை, அதுவே தூண்டுகோலாயிற்று.

ஆசிரியர் செய்யத்தக்கன

முதற்கடமை தொகுத்தல். ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர் வீடுகளில் உள்ள பாட்டனார், பாட்டியாரின் பெயர்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். யார் எத்தோட்டத்தில் பிறந்தார், எப்பாட்டறிவார், எக்கருவி இசைப்பார், எக்கூத்தில் எவ்வேடம் பூண்டார் என்பன அதில் குறிக்கப்பட வேண்டும். இன்று சிறுவர் கையிலுள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. விடுமுறைக்குப் பத்துக் கட்டுரை எழுதச் சொல்வதற்கு மாறாக, ஒரு பாட்டைப் பதிந்து, அதனைப் பிழையின்றி எழுதிவரப் பணிக்கலாம். வட்டார வழக்கைத் திருத்திச் செந்தமிழாக்கும் ஆசையை மட்டும் ஆசிரியர் அடக்கிக்கொள்ள வேண்டும். பாடியவர் சொல்லே சான்று.

அடுத்த கடமை கற்பித்தல். எல்லாக் கலைகளையும் ஒரே பள்ளி தாங்காது. ஒரு பள்ளி கும்மியையும், மற்றொரு பள்ளி உறுமியையும், வேறொன்று தெருக்கூத்தையும் தனதாக ஏற்று, ஊர் மூத்தோரை அழைத்து, ஆண்டு முழுவதும் புறப்பாட நேரத்தில் பயிற்றலாம். அழைக்கப்படும் கலைஞருக்குப் பொன்னாடையோடு உழைப்புக்கேற்ற ஊதியமும் வழங்கப்பட வேண்டும். சால்வை வயிற்றை நிரப்பாது.

மூன்றாம் கடமை பகிர்தல். மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவரும், காஜா பெராங் செட்டிச் சிறுவரும், மலாக்காவின் தொல்குடியினராகிய தெமுவான் மக்களின் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு அழைக்கப்பட வேண்டும். அவர்தம் பாட்டைத் தமிழ்ச் சிறுவர் கேட்க, தமிழ்ச் சிறுவர் கும்மியில் அவர்களும் கைகோக்க வேண்டும். தன் கலையைக் கல்லாதவன் பிறர் கலையைப் பார்த்து ஏங்குவான், அன்றி இகழ்வான். கற்றவனே பிறர் கலையை மதிப்பான். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005, அருவ மரபுகளையும் வாழும் கலைவல்லோரையும் நாட்டின் மரபுடைமையாக அறிவிக்குமாறு முன்மொழிய யாவருக்கும் இடந்தருகிறது. தக்க பதிவேடும் ஒலிப்பதிவும் கையிலிருந்தால் ஆசிரியர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் இணைந்து அக்கதவைத் தட்டலாம். வெறுங்கையோடு சென்று உரிமை கோருவோர்க்கு விடை கிடைப்பதரிது.

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர் இப்பணியைத் தம் தலைமுறைக்குரிய கடனாக ஏற்றல் வேண்டும். கட்டடம் பழுதுற்றால் நிதி திரட்டி மீண்டும் எழுப்பலாம். நூல் அழிந்தால் வேறொரு படி தேடலாம். பாடுவார் மறைந்தபின் பாட்டைத் தேடிப் பயனில்லை. மெர்லிமாவிலும் தெபோங்கிலும் ரிம்மிலும் காடேக்கிலும் இன்னும் சில குரல்கள் எஞ்சியுள்ளன. அவை அடங்குமுன் அங்குச் செல்வோர் ஆசிரியர். அடங்கியபின் அவற்றுக்கு விழா எடுப்போரை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது.